மலாவி கிராமத்தில் தன்னார்வலராக இருந்தால் ஒரு நாள் எப்படிப் போகும்?

கேள்வி இதுதான்: ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இரண்டு ஆண்டு அறிவியல் சொல்லித்தர வாய்ப்பு வந்திருக்கிறது. அமைப்பு அனுப்பிய கையேட்டில் சமூக மேம்பாடு, திறன் வளர்ப்பு என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை என்னதான் நடக்கும் என்று மட்டும் எங்கேயும் இல்லை. அதைச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். மத்திய மலாவியில் இதே மாதிரிப் பள்ளியில் வேலை செய்தவன் நான். முதலில் ஒன்று: நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ அந்த வேலை ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் இருக்காது. மிச்சமெல்லாம் தண்ணீர், அடுப்பு, சாப்பாடு, துணி, வெளிச்சம், அப்புறம் மனிதர்கள். இந்த மிச்சத்தை ஒரு தொல்லையாக நினைத்து ஒதுக்கப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் ஊர் திரும்புகிறார்கள். வகுப்பில் திணறியதால் திரும்பியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

நாள் சூரியனோடு தொடங்கிச் சூரியனோடு முடியும். வருடம் முழுக்க மாலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் இருட்டிவிடும், அந்தி என்பதே சில நிமிடம்தான். அதனால் காலை ஐந்து மணிக்கெல்லாம் ஊர் விழித்திருக்கும். வாசல் பெருக்கும் சத்தம்தான் உங்களுக்கு அலாரம். பெருக்காத வாசலை ஊரே கவனிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது தண்ணீர். பெரும்பாலான கிராமங்களில் ஆழ்துளைக் கிணறும் அதன்மேல் ஆஃப்ரிடெவ் கைப்பம்பும்தான். விடியும் முன்பே பெண்களும் சிறுமிகளும் வாளிகளோடு வரிசையில் இருப்பார்கள். அது வெறும் தண்ணீர் பிடிக்கும் இடமில்லை, ஊர்ச் செய்தி முழுக்க அங்கேதான் கைமாறும். பெண்ணாக இருந்தால் வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது நீங்களே போய் நில்லுங்கள், மொழியும் வரும், தோழிகளும் கிடைப்பார்கள். ஆண் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

ஆனால் தினமும் எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள். எளிமையாக வாழப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போகிறவர்களுக்கு வேலைக்கு ஆள் வைப்பது உறுத்தும். அங்கே கணக்கு வேறு. மாதாமாதம் கையில் பணம் வரும் ஒருவர், அது தன்னார்வப் படியாகவே இருந்தாலும், தண்ணீருக்கும் துணிக்கும் யாருக்காவது வேலை கொடுப்பார் என்று ஊர் எதிர்பார்க்கும். கொடுக்காதவரைக் கஞ்சன் என்றுதான் நினைப்பார்கள். கூலி எவ்வளவு என்று தலைமை ஆசிரியரிடமோ பக்கத்து வீட்டு ஆசிரியரிடமோ கேட்டு அதையே கொடுங்கள். மனசு இளகி இரண்டு மடங்கு கொடுத்தால் அடுத்த வீட்டு ஆசிரியருக்கு ஆள் கிடைக்காமல் போகும், அந்தக் கசப்பு உங்கள் பக்கம்தான் திரும்பும்.

குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், முடியாத நாளில் குளோரின் கரைசல். அங்கே வாட்டர்கார்டு என்ற பெயரில் கிடைக்கும். 2022 மார்ச்சில் தொடங்கி அடுத்த ஆண்டும் தொடர்ந்த காலராவில் மலாவியில் 1,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாட்டின் வரலாற்றிலேயே மோசமான காலரா அது. கிணறு சுத்தமாக இருந்தாலும் வாளியும் கையும் சுத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

அடுப்பு என்றால் கரி அடுப்பு. ம்பாவ்லா என்பார்கள், தகரத்தில் செய்தது. பற்றவைத்துத் தணல் பிடிக்க முதல் வாரம் அரை மணி நேரம் ஆகும், பிறகு கை பழகிவிடும். குளிர் காலத்தில் அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும். வெப்ப மண்டல நாட்டில் குளிரா என்று கேட்பீர்கள். தலைநகர் லிலோங்வே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, டெட்சா நகரம் இன்னும் உயரம். ஜூன், ஜூலை இரவுகளில் கம்பளி இல்லாமல் முடியாது. அதே நாட்டின் தெற்குக் கோடியில் ஷிரே பள்ளத்தாக்கில் அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். எந்த மாவட்டம் என்று தெரிந்துகொண்ட பிறகு பெட்டி கட்டுங்கள்.

மின்சாரம் உங்கள் வீட்டுக்கு வருமா என்பது அதிர்ஷ்டம். வந்தாலும் நிற்குமா என்பது ஷிரே ஆற்றின் கையில். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அந்த ஒரே ஆற்றில் இருக்கும் நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் அனா புயல் அந்த ஆற்றிலுள்ள கபிச்சிரா அணையை உடைத்தபோது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் ஒரே அடியில் போனது. நல்ல சோலார் விளக்கு ஒன்றும், போனுக்கு இரண்டு முழு சார்ஜ் தாங்கும் பவர் பேங்க்கும் கொண்டு போங்கள். மடிக்கணினியை நம்பிப் பாடத்திட்டம் போடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிண்டும் ந்சிமாதான் எல்லாம். அதைச் சாப்பிடாவிட்டால் அன்று சாப்பிட்டதாகவே கணக்கில்லை. வலது கையால் உருட்டி, தொட்டுக்கொள்ள கீரை, பீன்ஸ், மலாவி ஏரியிலிருந்து வரும் உசிபா என்ற குட்டிக் கருவாடு. கையால் சாப்பிடப் பழகியவர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை, முதல் விருந்திலேயே நல்ல பெயர் கிடைத்துவிடும். சைவம் என்றால் பயப்பட வேண்டாம். நிலக்கடலைப் பொடி போட்ட கீரை உண்மையிலேயே ருசியானது. நன்டோலோ என்று அங்கே விற்பது வேறொன்றுமில்லை, நம் துவரைதான். தெற்கு மலாவியில் மூட்டை மூட்டையாக விளைகிறது. 2021-இல் இந்தியா ஆண்டுக்கு 50,000 டன் வாங்கிக்கொள்வதாக மலாவியோடு ஒப்பந்தமே போட்டது. ஆனால் கிராமச் சந்தையில் உடைக்காத முழுத் துவரையாகத்தான் கிடைக்கும். முந்தின இரவே ஊறப்போடாவிட்டால் கரி தீரும், பருப்பு வேகாது. குக்கர் ஒன்று எடுத்துப் போனீர்கள் என்றால் என்னை வாழ்த்துவீர்கள். சைவத்தில் ஒரே சிக்கல், உங்களை மதித்து விருந்துக்கு அழைப்பவர்கள் இருக்கும் ஒரு கோழியை அடித்துவிடுவார்கள். அழைப்பு வந்ததுமே சொல்லிவிடுங்கள், தட்டு முன்னால் வந்த பிறகு சொல்வது அவர்களுக்குப் பெரிய அவமானம்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சந்தையின் முகமே மாறிவிடும். பழைய சோளம் தீர்ந்து, புதுசு ஏப்ரலில்தான் அறுவடைக்கு வரும். சோள விலை ஏறும், பல வீடுகளில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். வகுப்பில் பின் வரிசைப் பையன் மேசையில் தலை வைத்துப் படுத்தால் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மாதங்களில் கடினமான பாடங்களைக் காலை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

பள்ளியைப் பற்றி. நீங்கள் போவது அநேகமாக சி.டி.எஸ்.எஸ். எனப்படும் சமூகப் பகல்நேர உயர்நிலைப் பள்ளியாக இருக்கும். 1994-இல் பல கட்சித் தேர்தலுக்குப் பிறகு தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார்கள். 19 லட்சம் அளவில் இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே மூச்சில் 30 லட்சத்தை ஒட்டிப் போனது. அந்தக் கூட்டம் மேலே வந்தபோது உயர்நிலைப் பள்ளிகள் தாங்கவில்லை, அந்த நெருக்கடி இன்னும் தீரவில்லை. ஆய்வகம் என்று ஓர் அறை இருக்கும், அதற்குள் உடைந்த நாற்காலிகள் இருக்கும். ஒரு பாடப்புத்தகத்தை ஐந்தாறு பேர் பார்ப்பார்கள். அதனால் கரும்பலகையில் நீங்கள் எழுதுவதுதான் அவர்களுடைய புத்தகம், கையெழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். எம்.எஸ்.சி.இ. எனப்படும் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வில் செய்முறைக் கேள்விகள் உண்டு. எலுமிச்சை, சாம்பல், பேட்டரி, கம்பி, பிளாஸ்டிக் பாட்டில் இவற்றை வைத்து எவ்வளவு செய்ய முடியும் என்று கிளம்பும் முன்பே யோசித்து வைத்தால் முதல் பருவம் வீணாகாது.

பயிற்று மொழி ஆங்கிலம். ஆனால் மாணவர்கள் அவர்கள் பேசும் சிச்சேவா மொழியில் கேட்டால்தான் உண்மையான சந்தேகம் வெளியே வரும். தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக் குடிசை எடுத்துத் தாங்களே சமைத்துத் தங்குவார்கள், அதில் பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய பாதுகாப்புதான் பல பள்ளிகளில் பெரிய கவலை. உங்கள் வீட்டுக்கு மாணவிகள் தனியாக வருவதை, குறிப்பாக நீங்கள் ஆணாக இருந்தால், முதல் நாளிலிருந்தே அனுமதிக்காதீர்கள்.

வெளிநாட்டுத் தன்னார்வலர் அங்கே புதுமையே இல்லை. நாடு நியாசாலாந்து என்ற பெயரில் பிரிட்டனின் கையில் இருந்த 1963-லேயே அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் ஆட்கள் வந்துவிட்டார்கள், சுதந்திரம் அடுத்த ஆண்டுதான். உங்கள் பள்ளியிலேயே உங்களுக்கு முன் ஒருவர் இருந்திருக்கலாம். அவர் நன்றாகப் பாடுவார், அவர் நூலகம் கட்டினார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நூலகம் இப்போது பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று மட்டும் போய்ப் பாருங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். நீங்கள் எதைத் தொடங்கலாம், எதைத் தொடங்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. என் அபிப்பிராயத்தில் புதுத் திட்டம் எதையும் முதல் ஆண்டில் தொடங்கவே கூடாது. ஏற்கெனவே அங்கிருக்கும் ஆசிரியர் ஒருவர் தானாகச் செய்துகொண்டிருக்கும் வேலைக்குத் தோள் கொடுத்தால் நீங்கள் போன பிறகும் அது இருக்கும்.

மனிதர்கள் என்றேன் அல்லவா. வணக்கம் சொல்வதுதான் அங்கே பாதி வேலை. காலையில் எழுந்தீர்களா, நன்றாக எழுந்தீர்களா என்று அவர் கேட்க, நான் நன்றாக எழுந்தேன், நீங்கள் எப்படி என்று நீங்கள் கேட்க, இது முழுசாக முடிந்த பிறகுதான் விஷயம். கடையில் உப்பு வாங்கினாலும் அப்படித்தான். பள்ளிக்குப் பத்து நிமிட நடை என்றால் இருபத்தைந்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள். வணங்காமல் விறுவிறுவென்று நடப்பவரை நேரம் தவறாதவர் என்று யாரும் மெச்சுவதில்லை, திமிர் பிடித்தவர் என்பார்கள். பெரியவர்களுக்குக் கை கொடுக்கும்போது இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு லேசாகக் குனியுங்கள். வீட்டு வாசலில் நின்று 'ஓடி' என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகு நுழையுங்கள்.

வெள்ளைக்காரத் தன்னார்வலர்களின் அனுபவக் குறிப்புகளில் கிடைக்காத ஒரு விஷயம், நம் முகம். அவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் 'அஸுங்கு', அதாவது வெள்ளைக்காரர், என்று கத்திக்கொண்டு ஓடிவரும். நம்மைப் பார்த்தால் 'அம்வென்யே' என்பார்கள், அதாவது இந்தியர். கூடவே அடுத்த கேள்வியும் வரும்: உங்கள் கடை எங்கே? மலாவியில் இந்திய வம்சாவளியினர் பெரும்பாலும் குஜராத்திலிருந்து போன வியாபாரக் குடும்பங்கள். 1970-களில் நாட்டின் முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் அரசு அவர்கள் கிராமப்புறத்தில் கடை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டு நகரங்களுக்குள் ஒதுக்கியது. அதனால் கிராமத்தில் குடியிருக்கும், சைக்கிளில் போகும், கடை இல்லாத இந்தியர் என்பது பலருக்கு நம்ப முடியாத காட்சி. பணத்தை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்றுகூட நினைப்பார்கள். நகரத்துக் கடைக்காரர்கள்மேல் சிலருக்கு இருக்கும் பழைய கோபமும் அவ்வப்போது உங்கள்மேல் விழும். வாதாட வேண்டாம், சிச்சேவாவில் நான்கு வாக்கியம் பேசினாலே பாதி கரைந்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: தெற்கே லிம்பே நகரத்திலும் லிலோங்வேயின் பழைய நகரத்திலும் கடைக்காரக் குடும்பங்கள் உங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள், மசாலாவெல்லாம் அங்கே கிடைக்கும்.

பணம் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், சக ஆசிரியர், மாணவர், எல்லோருமே. இதில் வெட்கப்படவோ கோபப்படவோ ஒன்றுமில்லை. கையில் இருப்பவரிடம் கேட்பது அங்கே சாதாரணம், இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் சாதாரணம். 2023 நவம்பரில் மலாவி நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்ததில் டாலரின் விலை ஒரே நாளில் 44 சதவீதம் ஏறியது. சம்பளம் அப்படியே இருக்க உரமும் எண்ணெயும் எகிறிய ஊரில் கேட்காமல் என்ன செய்வார்கள்? தனி ஆளுக்குக் கடன் கொடுப்பதில்லை என்று முதலிலேயே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு, கொடுக்க நினைப்பதைப் பள்ளி வழியாகக் கொடுப்பது நல்லது. சாவு வீட்டுக்கு மட்டும் இந்த விதியைத் தள்ளி வையுங்கள்.

சாவு வீடு பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஊரில் ஒரு மரணம் என்றால் அன்று வேலை நின்றுவிடும், பள்ளி பாதியில் விடும், வயலுக்கு யாரும் போகமாட்டார்கள். பெண்கள் மாவும் விறகும் சுமந்துகொண்டு போய் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் குழி வெட்டுவார்கள். நீங்கள் இறந்தவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றாலும் போக வேண்டும். பெண்கள் சிட்டெஞ்சே துணியை இடுப்பில் சுற்றாமல் போகக் கூடாது. பாடம் முடியவில்லையே என்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலரை ஊர் மறக்காது. நாள் முழுக்க மண்ணில் உட்கார்ந்திருந்தவரையும் மறக்காது. அதன் பிறகு பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள்.

உடை பற்றிக் கேட்டால், பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை அல்லது சிட்டெஞ்சே. பண்டா ஆட்சியில் பெண்கள் கால்சட்டை போடுவதற்குச் சட்டத்திலேயே தடை இருந்தது, 1990-களின் தொடக்கத்தில்தான் போனது. நகரத்தில் இப்போது ஜீன்ஸ் சாதாரணம். கிராமத்துப் பள்ளியில் வேண்டாம். உடன் வேலை செய்த பெண்கள் சொன்னது இன்னொன்று: திருமணமாகிவிட்டதா என்ற கேள்வி தினமும் வரும், ஆமாம் என்று சொல்லி முடித்துவிடுவதே நிம்மதி.

உடம்பு. மலேரியா நாடு முழுக்க, வருடம் முழுக்க உண்டு, மழைக்காலத்தில் அதிகம், அதுவும் உயிருக்கே ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. தடுப்பு மாத்திரையை விடாதீர்கள். டாக்சிசைக்ளின் தினமும், வெயிலில் தோல் சிவக்கும், ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, சிலருக்குக் கெட்ட கனவும் பதற்றமும் வரும், மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கு ஆகாது. அடோவாகுவோன்-புரோகுவானில் தொல்லை குறைவு, விலை அதிகம். எது என்று உங்கள் மருத்துவர் சொல்லட்டும். சில மாதம் போனதும், ஊர்க்காரர்கள் யாருமே சாப்பிடவில்லையே, நமக்கு மட்டும் எதற்கு என்று தோன்றும். அவர்களில் பெரியவர்களுக்குச் சிறு வயதிலிருந்து பட்டுப் பட்டு வந்த ஓரளவு எதிர்ப்பு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. காய்ச்சல் வந்தால் அன்றே பரிசோதனை. மலேரியா என்று உறுதியானால் எல்.ஏ. என்று அங்கே எல்லோரும் சொல்லும் மாத்திரை, மூன்று நாள்.

துவைத்த துணியை, உள்ளாடை உட்பட, சூடாக இஸ்திரி போடுங்கள். ஒரு வகை ஈ ஈரத் துணியில் முட்டையிடும், புழு தோலுக்குள் போய்க் கொப்புளமாகும். ஆபத்தில்லை, ஆனால் பார்க்கச் சகிக்காது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் போகும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், கிராமத்துச் சுகாதார நிலையத்தில் மருந்து கையிருப்பில் இருக்கும் என்று நம்ப முடியாது. விமானம் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ மாறுவதால் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழும் தேவைப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்து சாலை. மினிபஸ் ஆள் நிரம்பாமல் கிளம்பாது. அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் மட்டோலா எனப்படும் சரக்கு வண்டியின் பின்னால் மூட்டைகள்மேல் உட்கார்ந்து போவார்கள். போமாவுக்கு, அதாவது மாவட்டத் தலைநகருக்கு, வங்கி வேலையாகப் போகவே ஒரு நாள் போய்விடும். இருட்டிய பிறகு சாலையில் இருக்காதீர்கள். விளக்கில்லாத லாரி, மாடு, சைக்கிள் எல்லாம் ஒரே பாதையில். பெரும்பாலான அமைப்புகள் இரவுப் பயணத்தைத் தடை செய்திருப்பது சும்மா இல்லை.

இரவுகள் நீளமானவை. ஆறரைக்குக் கதவு சாத்தினால் ஒன்பது மணி வரை என்ன செய்வது என்பதுதான் முதல் இரண்டு மாதத்தின் பெரிய கேள்வி. தனிமை அப்போதுதான் கடிக்கும். விடைத்தாள், வானொலி, படிப்பு எல்லாம் சரி. ஆனால் வாரத்தில் இரண்டு மாலையாவது பக்கத்து வீட்டு அடுப்பைச் சுற்றி உட்காருவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல மருந்து. முதல் மழைக்குப் பறந்து வரும் ஈசலைப் பிடித்து வறுப்பார்கள், தயங்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். விடுமுறையில் மலாவி ஏரிக்குப் போவீர்கள், எல்லோரும் போவார்கள், குளிப்பீர்கள். அந்தத் தண்ணீரில் பில்ஹார்சியா உண்டு, தோல் வழியாக உடம்புக்குள் போகும் ஒட்டுண்ணிப் புழு நோய். கடைசியாகக் குளித்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் அதற்கான பிராசிகுவான்டெல் மாத்திரையைச் சாப்பிட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் அமைப்பிடம் இதைக் கேளுங்கள்: எனக்கு முன் அந்தப் பள்ளியில் யார் இருந்தார், அவரோடு பேச முடியுமா? வீட்டிலிருந்து கிணறு எவ்வளவு தூரம், ஜன்னலுக்கு வலை இருக்கிறதா? காய்ச்சல் முற்றினால் யார் வண்டி அனுப்புவார்கள், எந்த மருத்துவமனைக்கு? படி குவாச்சாவிலா டாலரிலா, மதிப்புக் குறைந்தால் ஏற்றுவார்களா? மொழிப் பயிற்சி எத்தனை வாரம்? தலைமை ஆசிரியர் கேட்டுத்தான் அனுப்புகிறார்களா, இல்லை அமைப்பாகவே அனுப்புகிறதா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு பள்ளி கேளுங்கள்.